நீ எழுதாமல் விட்ட திருப்புமுனைகள்

கண்ணு, நேற்று நீ போன் செய்தபோது நான் ஷேர் ஆட்டோவில் இருந்தேன். "அம்மா, ஐரோப்பாக்காரங்களோட வர்த்தகப் பேச்சுவார்த்தைக்குப் போற டீம்ல என் பேரும் வந்திருக்குது" என்று நீ சொன்னதும் நான் போட்ட கூச்சலில் டிரைவர் பயந்து வண்டியை ஓரம் கட்டிவிட்டார். "இன்னா மா, பையனுக்குக் கல்யாணமா?" என்று கேட்டார். "இல்லப்பா, எம் புள்ளை நாட்டுக்காகப் பேரம் பேசப் போறான்" என்றேன். ஆட்டோவில் இருந்த ஏழு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒரு அம்மா, "பேரம் பேசணும்னா பொம்பளைங்களை இல்ல அனுப்பணும்?" என்றாள். வீட்டுக்கு வந்து சேரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன். உன் அப்பாவிடம் சொன்னால் அவர் டிவி சத்தத்தைக் குறைக்காமலேயே, "தெரியும், எனக்குத்தான் முதல்ல போன் பண்ணான்" என்கிறார். பொய்தானே அது? நீ எனக்குத்தான் முதலில் செய்தாய். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது அதை மட்டும் தெளிவாக எழுதிவிடு.

நீ படித்த கல்லூரியின் ஆண்டு மலரில், நம் நாடு உலக வல்லரசாக உயர்ந்த திருப்புமுனைகளைப் பற்றி நீ எழுதிய கட்டுரையைப் போன மாதம் அனுப்பியிருந்தாய். கண்ணாடி போட்டு, போனில் எழுத்தைப் பெரிதாக்கி, மூன்று முறை படித்தேன். விடுதலை, பசுமைப் புரட்சி, அணுசக்தி, சந்தையைத் திறந்துவிட்டது, கம்ப்யூட்டர், ராக்கெட் என்று அழகாக வரிசைப்படுத்தியிருந்தாய். தப்பே இல்லை. ஆனால் படித்து முடித்ததும் எனக்கு ஒரு சின்னக் கோபம் வந்தது. அந்தக் கட்டுரை முழுக்க டெல்லியில் யாரோ கையெழுத்துப் போடுகிறார்கள், நாடு உடனே ஒரு படி மேலே ஏறிவிடுகிறது. கையெழுத்துப் போட்ட பிறகு அந்தப் படியில் கால் வைத்தது யார்? நான் வைத்தேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் மிஷின் மிதித்தபடி வைத்தேன். எல்லாத் திருப்பத்திலும் சரியாக வைத்தேன் என்று சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று இடத்தில் நன்றாகவே வழுக்கி விழுந்தேன். அதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். இதையும் அதே மலருக்கு அனுப்பப் போகிறேன், போட்டால் போடட்டும், ஊரே படிக்கட்டும்.

உன் கட்டுரையில் இல்லாத முதல் திருப்பம் உன் தாத்தாவிடமிருந்து தொடங்குகிறது. என் அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் மூட்டை தூக்கினவர். அப்போது நம் ஊரில் தோலைப் பாதி பதனிட்டு, கட்டாகக் கட்டி, லாரியில் ஏற்றிச் சென்னைத் துறைமுகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அது கப்பல் ஏறி எங்கே போகிறது, என்னவாக ஆகிறது என்று இங்கே தூக்கினவர்கள் யாருக்கும் தெரியாது. பிறகு ஒரு நாள் அரசாங்கம், பாதித் தோலை அனுப்பக் கூடாது, முழுதாக முடித்த தோலாக, ஷூவாக, பையாகத்தான் அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டது. டெல்லியில் அது ஒரு தாள். எங்கள் ஊரில் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிய பெரிய ஷெட்டுகளாக எழும்பியது. ஷெட்டுக்குள் தையல் மிஷின்கள் வந்தன. மிஷினில் உட்காரப் பெண்களைத் தேடி வந்தார்கள். நான் தையல் படித்துக்கொண்டிருந்த இடத்துக்கே கம்பெனி ஆட்கள் வந்து பெயர் எழுதிக்கொண்டு போனார்கள். எனக்குப் பத்தொன்பது வயது. என் அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "பொம்பளைப் புள்ளைங்க தோல் கம்பெனிக்குப் போனா ஊரு இன்னா பேசும்? வேணாம்."

நான் சொல்லாமல் போய்விட்டேன். காலையில் அவர் வேலைக்குக் கிளம்பினதும் கம்பெனி பஸ் ஏறினேன். மூன்றாம் நாள் அவருக்குத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். திட்டுவார், அடித்தாலும் அடிப்பார் என்று தெரியும். என் பையில் தையல் பழகுவதற்காகக் கொடுத்த ஒரு கழிவு அப்பர் இருந்தது. அப்பர் என்றால் ஷூவின் மேல்பாகம், உனக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பயத்தில் வேறொன்றும் தோன்றாமல் அதை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் திட்ட வாயெடுத்தவர், நிறுத்திவிட்டு அதைக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். தையலைக் கட்டைவிரலால் தடவினார். இத்தனை வருஷம் தோலைத் தோளில் தூக்கினவர், அது கடைசியில் என்னவாகிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தார். "இதுவா? நம்ம தோலா இது?" என்றார். "ஆமாம்பா" என்றேன். "நீ தச்சதா?" "ஆமாம்பா. கொஞ்சம் கோணலா போய்டுச்சு, அதான் கழிச்சிட்டாங்க." மறுநாள் காலை அவர்தான் என்னைத் தட்டி எழுப்பினார். "எழுந்திரு, பஸ் போய்டப் போகுது."

உன் கட்டுரையில் அந்தக் காலத்தைப் பற்றி நீ என்ன எழுதியிருந்தாலும், எனக்கு நாடு திரும்பிய இடம் அதுதான். ஒரு வீட்டில் ஒரு மனிதர் மனம் மாறிய அந்தக் காலை. அப்படி எத்தனை வீடு இருந்திருக்கும் பார். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை, எல்லா ஊரிலும் காலையில் பஸ் பஸ்ஸாகப் பெண்கள். ஜன்னலோரம் இடம் பிடிக்க நாங்கள் போட்ட சண்டையை நீ பார்த்திருக்க வேண்டும்!

அடுத்தது நீ எழுதியிருந்த விஷயம்தான். சந்தையைத் திறந்துவிட்டார்கள், வெளிநாட்டு வியாபாரம் பெருகியது என்று இரண்டு வரி எழுதியிருந்தாய். அந்த இரண்டு வரிக்குள் உன் அம்மா செய்த ஒரு கேவலம் இருக்கிறது. உன் அப்பாவைத் தவிர வீட்டில் யாருக்கும் இதுவரை சொன்னதில்லை.

அப்போது நீ வயிற்றில் ஆறு மாதம். நான் லைனுக்கு சூப்பர்வைசராகி சில வாரம்தான் ஆகியிருந்தது. ஒரு ஜெர்மன் கம்பெனியின் பெரிய ஆர்டர். அவ்வளவு பெரிய ஆர்டரை எங்கள் ஷெட் அதுவரை பார்த்ததில்லை. எல்லாருக்கும் ஒரே குஷி. ஆனால் அவர்கள் கேட்ட வேகத்தில் தைத்தால் தையல் ஒழுங்காக வராது. ஒரு லாட் முழுக்கத் தையல் ஓரத்துக்கு ரொம்பக் கிட்டே ஓடிவிட்டது. பார்க்க நன்றாக இருக்கும், போட்டு நடந்தால் பிரிந்துவிடும். செக்கிங் டேபிளில் ஷமீம் இருந்தாள். உனக்கு ஷமீம் ஆன்ட்டி, எனக்கு அன்றும் இன்றும் ஒரே தோஸ்த். அவள் ஒரு ஜோடியை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினாள். "இது பிச்சுக்கும்டி. இதுக்கு நான் முத்திரை போட மாட்டேன்."

"கண்டெய்னர் சாயங்காலம் கிளம்புது ஷமீம். மேல இருந்து பேஜார் பண்றாங்க. போட்ருடி" என்றேன்.

"தப்புடி."

"நான் சொல்றேன் இல்ல, போடு."

போட்டாள். நான் சூப்பர்வைசர் ஆயிற்றே. நல்ல ஜோடிகளை மேலேயும் இவற்றை அடியிலேயும் வைத்து அடுக்கியது என் கைதான்.

இரண்டு மாதத்துக்குள் அந்த ஜெர்மன்காரர் நேரில் வந்துவிட்டார். நல்ல உயரம், மூக்கெல்லாம் வெயிலில் சிவந்திருந்தது. சென்னையிலிருந்து கூடவே மொழிபெயர்க்க ஒருவர். எங்கள் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து, தன் பையிலிருந்து ஒரே ஒரு ஷூவை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஓரம் பிரிந்து வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. மேனேஜர் அதைத் திருப்பி ஷமீமின் செக்கிங் முத்திரையைப் பார்த்தார். "ஷமீம், நீ வீட்டுக்குப் போ. நாளையிலிருந்து வர வேணாம்" என்றார். ஷமீம் என்னைப் பார்க்கவில்லை. ஒரு பார்வை பார்த்திருந்தால்கூட நான் வாயைத் திறந்திருப்பேனோ என்னவோ. டிபன் பையை எடுத்துக்கொண்டு நேராக நடந்து போய்விட்டாள். நான் தலையைக் குனிந்து நின்றேன். எங்கள் லைன் முழுக்கத் தலையைக் குனிந்து நின்றது.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். "ஒண்ணும் பேசாத. வாயும் வயிறுமா இருக்கே, வேலை போச்சுன்னா இன்னா பண்ணுவே?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் மறுநாள் காலை பஸ்ஸில் ஷமீம் உட்காரும் இடம் காலியாக இருந்தது. அதற்குமேல் என்னால் முடியவில்லை. பஸ் நின்றதும் லைனுக்குப் போகாமல் நேராக மீட்டிங் ரூமுக்குப் போனேன். ஜெர்மன்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். மேனேஜர் எழுந்துவிட்டார். "இங்க இன்னா உனக்கு வேலை?" மேஜைமேல் அந்த ஷூ அப்படியே இருந்தது. அதை எடுத்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "ஐ பாஸ். நாட் ஷமீம். ஐ" என்றேன். நீ உள்ளே ஒரு உதை விட்டாய். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

மொழிபெயர்ப்பவர் கேட்டார், ஏன் பாஸ் செய்தாய் என்று. சொன்னேன். "நீங்க கேக்கற எண்ணிக்கை மிஷினால முடியும் சார், கண்ணால முடியாது. முடியாதுன்னு சொன்னா ஆர்டர் போய்டும்னு எங்களுக்குப் பயம். உங்களுக்கு எல்லாத்துக்கும் சரி சரின்னு தலையாட்டிட்டு, ஆவாததை அடியில ஒளிச்சு வச்சோம்." அவர் அதை அப்படியே சொன்னாரா, குறைத்துச் சொன்னாரா தெரியாது. ஜெர்மன்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். கத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "சரியாகத் தைத்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு முடியும்?"

கண்ணு, அந்தக் கேள்வியை அதற்கு முன்னால் எங்களிடம் யாருமே கேட்டதில்லை. மேனேஜரும் கேட்டதில்லை, நாங்களே எங்களைக் கேட்டுக்கொண்டதில்லை. நான் மனதுக்குள் மிஷின்களை எண்ணி, சாப்பாட்டு நேரத்தைக் கழித்து, ஒரு எண்ணைச் சொன்னேன். அவர்கள் கேட்டிருந்ததைவிட நல்ல கம்மி. அவர் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். "இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு தூரம் வந்திருக்கவே வேண்டாம்" என்றார். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

அந்தப் பருவத்தில் எங்களுக்கு ஆர்டர் குறைந்தது. ஆனால் நிற்கவில்லை, அடுத்த வருஷம் அதே ஆள் இன்னொரு கம்பெனியையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஷமீமைத் திரும்பக் கூப்பிட்டார்கள். என்னை சூப்பர்வைசர் வேலையிலிருந்து இறக்கி மறுபடி மிஷினில் உட்கார வைத்தார்கள். சரிதான் அது. ஷமீம் இரண்டு வாரம் என்னிடம் பேசவில்லை. பிறகு ஒரு மத்தியானம் தன் டிபன் மூடியில் தக்காளி சோற்றை வைத்து என் பக்கம் தள்ளினாள். "தின்னு. நீ பண்ணதுக்கு வயித்துல இருக்கறவன் இன்னா பண்ணுவான்?" நேற்று அவளுக்குப் போன் செய்து உன் விஷயத்தைச் சொன்னேன். "அன்னிக்கு உள்ள இருந்து எல்லாத்தையும் கேட்டுக்கினு இருந்தவன்தானே, நல்லாப் பேசுவான் போ" என்கிறாள்.

பெரிய நாட்டோடு வியாபாரம் பேசுவது என்றால் என்ன என்று அந்த அறையில்தான் நான் கற்றுக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிய வரை நாங்கள் அவர்களுக்கு வேலைக்காரர்கள். உண்மையான எண்ணைச் சொன்ன அன்று வியாபாரிகள் ஆனோம். நீ அங்கே உட்காரும்போது உன் மேலதிகாரிகள் அவசரப்படுத்துவார்கள், கையெழுத்து ஆனால் போதும் என்று நினைப்பார்கள். நம்மால் முடியாத ஒன்றை முடியும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால், அதைத் தைக்கப்போவது நீ இல்லை. எவளோ ஒருத்தி தைப்பாள். எவளோ ஒருத்தி பழி சுமப்பாள்.

மூன்றாவது திருப்பத்தில் நான் தப்பான பக்கம் நின்றேன். உனக்கு மூன்று நான்கு வயது. உன் காலெல்லாம் புண். நம் தெருக் கிணற்றுத் தண்ணீர் டீ டிகாக்‌ஷன் மாதிரி இருக்கும். காரணம் எல்லாருக்கும் தெரியும். தோல் ஷாப்புகளின் கழிவு பாலாற்றிலும் நிலத்திலும் இறங்கிக்கொண்டிருந்தது. தெரிந்தும் யாரும் பேசமாட்டோம், ஏனென்றால் உன் அப்பாவுக்குச் சம்பளம் வந்தது அந்த ஷாப்பிலிருந்துதான். அப்போது கோர்ட் உத்தரவு வந்தது. கழிவைச் சுத்தம் செய்ய ஏற்பாடு இல்லாத ஷாப்பெல்லாம் மூட வேண்டும். உன் அப்பா வேலை செய்த இடத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். ஊரில் ஊர்வலம் கிளம்பியது. நானும் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். "திற திற, ஷாப்பைத் திற" என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். உன் புண்ணில் ஈ உட்காராமல் முந்தானையால் விசிறிக்கொண்டே கத்தினேன். யோசித்துப் பார், எப்படி இருந்திருக்கும்!

ஊர்வலம் ஒரு தென்னந்தோப்பு ஓரமாகப் போனது. பாதி மரத்துக்கு மண்டை இல்லை. ஒரு விவசாயி பம்ப்செட் பக்கத்தில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் அருகில் வந்தபோது, கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "கத்தும்மா, நல்லாக் கத்து. தாகமா இருந்தா வா, இந்தத் தண்ணி ஒரு வாய் குடிச்சிட்டுப் போய்க் கத்து. புள்ளைக்கும் ஒரு வாய் குடு." மோட்டாரைப் போட்டார். வந்த தண்ணீரைப் பார்த்தேன். நீ தண்ணீரைக் கண்டதும் கையை நீட்டினாய். உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டேன். அதற்குமேல் ஊர்வலத்தில் நடக்க முடியவில்லை, திரும்பி வந்துவிட்டேன்.

சில மாதம் ரொம்பக் கஷ்டப்பட்டோம். என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது, உன் அப்பா உனக்குச் சோறு ஊட்டக் கற்றுக்கொண்டதும் அப்போதுதான். சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள், ஷாப்புகள் திறந்தன. எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், பாலாறு இன்னும் முழுதாக மீளவில்லை. ஆனால் பிற்பாடு வெளிநாட்டுக்காரர்கள் வந்து ஷூவைக் கையில் எடுப்பதற்கு முன்னால் தண்ணீரைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தபோது, எங்களிடம் சொல்லப் பதில் இருந்தது. வேறு பல ஊர்களில் இல்லை. நாங்கள் எதை எதிர்த்துக் கத்தினோமோ அதுவே எங்களைக் காப்பாற்றியது. அங்கே உன்னிடமும் கேட்பார்கள்: உங்கள் ஆறு எப்படி இருக்கிறது, உங்கள் தொழிலாளி எப்படி இருக்கிறாள். சில சமயம் அது நம் சரக்கைத் தடுக்க ஒரு சாக்காக இருக்கும், அப்போது விடாதே. ஆனால் சில சமயம் அந்தத் தோப்புக்காரர் தண்ணீரைக் காட்டிக் கேட்ட மாதிரி நியாயமான கேள்வியாகவே இருக்கும். எது எது என்று பிரித்துப் பார்க்க உனக்குத் தெரிய வேண்டும். நம் நாட்டைச் சொல்லிவிட்டார்கள் என்ற கோபத்தில் இரண்டையும் ஒன்றாக்கிவிடாதே.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். எழுதும்போதே கை ஓடுகிறது. உன் அப்பா எட்டிப் பார்த்து, "இன்னா, காலையிலருந்து எழுதிக்கினே இருக்கே, சாப்பாடு உண்டா இல்லியா?" என்கிறார். அவரே தோசை ஊற்றிக்கொள்ளட்டும்.

நீ காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய். எத்தியோப்பியாவில் புது ஷூ கம்பெனி ஒன்று தொடங்குகிறார்கள், தையல் சொல்லிக் கொடுக்க நம் ஊரிலிருந்து நான்கு பெண்கள் வேண்டும் என்றார்கள். அந்த நான்கில் நான் ஒருத்தி! பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நீதான் பூர்த்தி செய்தாய். தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டாய், நான் "டெய்லர்னு போடு" என்றேன், நீ என்னைக் கேட்காமலேயே "டிரெயினர்" என்று எழுதினாய். விமானத்தில் மூன்று மணி நேரம் கண்ணைத் திறக்கவே இல்லை. திறந்தபோது கீழே மலை மலையாக இருந்தது. என் அப்பா கட்டித் தூக்கிய தோல் எங்கேயோ கப்பலில் போனதே, இன்றைக்கு அவர் மகளே போகிறாளே என்று நினைத்ததும் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லியே ஆக வேண்டும் போல இருந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சொன்னேன்.

அந்த ஊர் மனிதர்கள் தங்கம். இந்தியா என்றதும் "டீச்சர், டீச்சர்" என்பார்கள். அவர்கள் சாப்பாடு புளித்த தோசை மாதிரி இருக்கும், எனக்கு ஒத்துக்கொண்டது. என்னிடம் படிக்க முப்பது பெண்கள் வந்தார்கள். அதில் அல்மாஸ் என்று ஒருத்தி, இருபது வயது இருக்கும், கை அவ்வளவு சுத்தம். முதல் மாதம் நன்றாகப் போனது. பிறகு முதல் ஆர்டர் வந்தது. அவசரம் வந்தது. ஒரு நாள் அல்மாஸ் தைத்த அப்பரை எடுத்துப் பார்க்கிறேன், தையல் ஓரத்துக்குக் கிட்டே ஓடியிருக்கிறது. எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! அதை மேஜைமேல் வீசினேன். "ஹூ பாஸ் திஸ்?" என்று கத்தினேன்.

முப்பது பெண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அப்படியே நின்றுவிட்டேன் கண்ணு. நாங்கள் ஆம்பூரில் குனிந்தோமே, அதே மாதிரி. கழுத்து வளைந்த அளவுகூட அதேதான். நீ உன் கட்டுரையில் கேட்டிருந்தாயே, ஒரு நாடு வல்லரசாகிவிட்டது என்று எப்போது சொல்லலாம் என்று. எனக்கு அந்த நிமிஷம் தெரிந்தது. இன்னொரு நாட்டின் பெண்கள் என் முன்னால் பயந்து தலை குனிந்த அன்று நாமும் ஆகிவிட்டோம். அதில் எனக்கு ஒரு துளி பெருமை வந்தது, மறைக்க மாட்டேன். உடனே அந்த மீட்டிங் ரூம் நினைவுக்கு வந்தது. அந்த ஜெர்மன்காரர்கூட என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நான் இவர்களிடம் எதையுமே கேட்கவில்லை.

வீசிய அப்பரை நானே எடுத்தேன். அல்மாஸ் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். "சாரி" என்றேன். மொழிபெயர்க்க இருந்த பெண்ணைக் கூப்பிட்டு, "சரியாத் தச்சா ஒரு நாளைக்கு எவ்ளோ முடியும்னு கேளு" என்றேன். அல்மாஸ் நம்பாமல் என்னைப் பார்த்தாள். பிறகு ஒரு எண்ணைச் சொன்னாள். ரொம்பக் கம்மி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. எழுந்து என்னைத் தன் மிஷினில் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்து தைத்துப் பார்த்தேன். பின்பக்கமிருந்து வெளிச்சம், என் நிழலே என் ஊசிமேல் விழுகிறது. மிஷின்களைப் போட்டது நாங்கள்தான், ஆம்பூர் ஷெட்டில் எப்படி இருந்ததோ அப்படியே. அந்த ஊர் ஜன்னல் எந்தப் பக்கம் என்று யாரும் பார்க்கவில்லை. அன்று மத்தியானமே முப்பது மிஷினையும் திருப்பிப் போட்டோம். எல்லாரும் சேர்ந்து தள்ளினோம், பாட்டு வேறு பாடினார்கள். ஒரு வாரத்தில் அல்மாஸ் அவள் சொன்ன எண்ணையும் தாண்டிவிட்டாள், ஆம்பூரில் நான் தைக்கிற எண்ணையும் தாண்டிவிட்டாள்!

அவள் இப்போது அங்கே பெரிய பொறுப்பில் இருக்கிறாள். போன வாரம் போட்டோ அனுப்பியிருந்தாள். அவர்கள் செய்த ஷூ, உள்ளே 'மேட் இன் எத்தியோப்பியா' என்று. நாங்கள் வழக்கமாகச் செய்யும் மாடல்தான், எங்களுக்கு வர வேண்டிய ஆர்டராகக்கூட இருக்கலாம். ஒரு நிமிஷம் பொறாமையாக இருந்தது. அப்புறம் தையலைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்திலிருந்து சரியான இடைவெளி, கோடு போட்ட மாதிரி. ஷமீமுக்கு உடனே அனுப்பினேன். "பாஸ்" என்று ஒரே வார்த்தை பதில் போட்டாள்.

வியாழக்கிழமை நீ கிளம்புகிறாய். கோட்டும் சூட்டுமாக எதிரே பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். பேச்சு சூடாகி உனக்குக் கொஞ்சம் படபடப்பாக வந்தால், மேஜைக்கு அடியில் ஒரு தடவை பார். அவர்கள் காலில் இருப்பதில் ஒரு ஜோடியாவது எங்கள் ஊரிலிருந்து போனதாக இருக்கும். நாக்கு தானாகவே தெளிந்துவிடும். அவர்களிடம் நம் உண்மையான எண்ணைச் சொல், அதிலிருந்து இறங்காதே. உன்னால் முடியும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றி எனக்குத் துளியும் கவலை இல்லை.

என் கவலையெல்லாம் அடுத்த வருஷத்தைப் பற்றித்தான். நீ இன்னும் மேலே போவாய். நம் நாடும் போகும். அப்போது உன்னோடு பேச, அல்மாஸின் ஊர் மாதிரி ஒரு சின்ன நாட்டிலிருந்து உன் வயதில் ஒருவனோ ஒருத்தியோ வருவார்கள். கையில் ஃபைலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நீ சொல்வதற்கெல்லாம் சரி சரி என்று தலையாட்டியபடி, கண்ணைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அப்போது பேச்சை ஆரம்பித்துவிடாதே. முதலில் டீ வரச் சொல். ஊரைக் கேள், அம்மாவைக் கேள். அவர்கள் தலை நிமிர்ந்து உன்னைப் பார்க்கும்வரை காத்திரு. எவ்வளவு நேரமானாலும் காத்திரு. அதற்குப் பிறகு பேரம் பேசு கண்ணு, நம் ஊர்ப் பெண்கள் பேசுகிற மாதிரி, ஒரு இஞ்ச்கூட விட்டுக்கொடுக்காமல் பேசு.